மதுரைக்கு அத்தை வீட்டுக்குப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

கோடை லீவு விட்டதும் மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் பையும் பிள்ளையுமாக பஸ்ஸைவிட்டு இறங்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பலர் கோயில் பார்க்க வந்தவர்களே இல்லை. அத்தை வீடு, சித்தி வீடு, அம்மாச்சி வீடு! “வந்தது வந்தோம், மீனாட்சியையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம்” என்கிற ரகம். மதுரையைப் பார்க்க அதுதான் சரியான வழி. ஏனென்றால் இந்த ஊரில் சாமிகளே உறவுமுறை சொல்லிக்கொண்டுதான் தெருவுக்கு வருகின்றன. ராஜாவும் கலெக்டரும் வெளிநாட்டு யாத்ரீகரும்கூட ஏதோ ஒரு வகையில் இந்த ஊருக்கு ஒட்டு உறவாகிவிடுகிறார்கள். எப்படி என்கிறீர்களா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

உலகம் சுற்றியவர் மதுரைக்கு ஏன் வந்தார் தெரியுமா?

மொரோக்கோவில் கிளம்பி ஆசியா, ஆப்பிரிக்கா என்று சுற்றித் தீர்த்த இபின் பதூதா 1340களில் மதுரைக்கு வந்தார். யார் வீட்டுக்கு? சகலை வீட்டுக்கு! அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுதீன் தம்கானி. அவருடைய மனைவி, மதுரை சுல்தானியத்தைத் தொடங்கிவைத்த ஜலாலுதீன் அசன் ஷாவின் மகள். டெல்லியில் இருந்த காலத்தில் இபின் பதூதா மணந்ததும் அதே ஜலாலுதீனின் இன்னொரு மகளைத்தான்!

இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியிடம் விருந்தாளியாக இருந்து, சிவனொளிபாத மலையில் ஏறி இறங்கி, கப்பலேறியவர் தமிழ்க் கரையோரம் வந்தபோது கப்பல் தரைதட்டிவிட்டது. உயிர் பிழைத்துக் கரையேறிய மனிதர் யாருக்குச் சொல்லியனுப்பினார்? சகலைக்குத்தான். ஆனால் வந்த இடம் இனிக்கவில்லை. சகலை செய்த கொடுமைகளைக் கண்டு கசந்துபோனார். ஊருக்குள் வந்தால் கொள்ளைநோய். சுல்தானே மாண்டுபோனார். நம் ஆளுக்கும் கடுங்காய்ச்சல். பிழைக்கவைத்தது எது தெரியுமா? புளி! புளியைக் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிற்றைப் பிரட்டி எடுத்ததாம். பிறகு காய்ச்சல் விட்டதாம். அவரே தன் பயண நூலில் சொல்லிவைத்திருக்கிறார். அத்தை ரசம் ஊற்றும்போது இந்தக் கதையை எடுத்துவிடுங்கள், இன்னொரு கரண்டி விழும்!

காலண்டரையே தெருவாகப் போட்ட ஊர் தெரியுமா?

கோயிலுக்குள் ஆடி வீதி. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிகிற தெருக்கள், எல்லாம் மாதத்தின் பெயரில்! அந்தந்த மாதத்துத் திருவிழாவில் சாமி வலம் வருகிற வீதி என்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று சேர்த்துவிட்டால் விலாசம் ரெடி. திசை தெரியாவிட்டால் மதுரையில் வீடு கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் கணக்கு உதைக்கும். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில்! ஏன்? மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தனவாம். அழகர் ஆற்றில் இறங்குவதோ சித்திரையில். இரண்டையும் சேர்த்து ஒரே பெருந்திருவிழாவாக்கியவர் திருமலை நாயக்கர் என்கிறார்கள். மாதம் மாறிவிட்டது, தேர் தன் பழைய பாதையை மாற்றிக்கொள்ளவில்லை.

கோட்டையை இடித்தவருக்கு விளக்கு வைத்த கதை தெரியுமா?

கீழமாசி வீதிப் பக்கம் ‘விளக்குத்தூண்’ என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தூண் யாருக்கு? பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டருக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கோட்டைச் சுவருக்குள் திணறிக்கொண்டிருந்த ஊரை வெளியே விரித்தவர் அவர். கையில் பணம் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்: சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த இடம்! மக்கள் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். அகழி தெருவானது. இன்று மதுரைக்காரர் வாயில் அன்றாடம் புரளும் ‘மாரட் வீதி’ அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட்டின் பெயர். ‘பெருமாள் மேஸ்திரி வீதி’ வேலையை மேற்பார்த்த பெருமாள் என்பவரின் பெயர். வெள்ளைக்காரரும் மேஸ்திரியும் ஒரே வரிசையில் விலாசமாகிவிட்ட அதிசயம்!

அத்தை வீட்டு அடுப்படிக்கும் தெருவுக்கும் போட்டி, தெரியுமா?

“மருமகனே, வெளியில தின்னுட்டு வந்து வயிறு சரியில்லம்பீக, வீட்ல சாப்புடுங்க” என்று அத்தை சொல்வார். “இவரு ஒரு ரவுண்டு வந்துட்டுத்தான் சாப்புடுவாரு” என்று மாமா செருப்பை மாட்டுவார். இந்த இழுபறியில் இடையில் மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய பாக்கியம் மதுரையில் வேறில்லை!

சாயங்காலம் ஆனதும் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்தியில் பாலா என்று கேட்காதீர்கள். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பால்! அதில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூவைத் தூவிச் சுடச்சுடத் தருவார்கள். மாட்டுக்கு வைக்கிற கொட்டையை மனுசனுக்கு அமிர்தமாக்கிய ஊர் இது.

பக்கத்திலேயே பச்சைப்பசேலென்று உப்பி மிதக்கும் முள்ளு முருங்கை வடை. முள்ளு முருங்கை இலையை அரிசியோடு ஆட்டித் தட்டிப் பொரித்தது, மேலே பொடி தூவிக் கொடுப்பார்கள். சளிப் பிடித்த பிள்ளைக்கு மருந்து என்று சொல்லி, சளி இல்லாதவர்களும் நாலு எடுப்பார்கள். மேலச் சித்திரை வீதிப் பக்கம் போனால் வெள்ளையப்பமும் காரச் சட்னியும். இட்லிக் கடையில் உட்கார்ந்தால் இலையில் ஓடுகிற தண்ணிச் சட்னி. ஓடும்முன் பிடித்துச் சாப்பிடுவதே ஒரு வித்தை!

ராத்திரிக்குக் கறி தோசை. கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி. ஒன்றே போதும் என்று நினைப்பவர்களை இரண்டாவது கூப்பிடும். குடல் குழம்பு, மட்டன் சுக்கா, எலும்பு ரோஸ்ட் எல்லாம் அதற்கு வெஞ்சனம். அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். விரல் நீளம்கூட வராத மீன், உயிரோடுதான் வாங்குவார்கள். பாலில் விட்டால் வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும் என்பது இங்குள்ள கைப்பக்குவம்.

கடைசியாக ஜிகர்தண்டா. ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி பால் ஐஸ்கிரீம். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊருக்குக் கண்டுபிடித்த பதில் இது. விளக்குத்தூண் பக்கம் ராத்திரியிலும் கூட்டம் நிற்கும். “ஒண்ணு போதுமாண்ணே?” என்று கடைக்காரர் கேட்பார். போதாது!

தூங்கா நகரம் எத்தனை ஆண்டுகளாகத் தூங்கவில்லை தெரியுமா?

நள்ளிரவில் சூடாக இட்லி கிடைப்பதால் வந்த பட்டம் என்று நினைத்தீர்களா? பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு மதுரைக்காஞ்சி, 782 அடிகள். மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்காகப் பாடியது. அதில் மதுரையின் பகல் கடைவீதியும் இருக்கிறது, இரவுக் கடைவீதியும் இருக்கிறது! நாளங்காடி, அல்லங்காடி என்று இரண்டு ஷிஃப்ட். பொழுது சாய்வதிலிருந்து விடியும்வரை ஊர் என்னென்ன செய்கிறது என்று சாமம் சாமமாகச் சொல்லிக்கொண்டே போகிறார் புலவர். இன்னொரு வியப்பு: இன்று கேரளத்தின் பண்டிகையாகிவிட்ட ஓணத்தை மதுரையில் கொண்டாடிய செய்தியும் அந்தப் பாட்டில் இருக்கிறது!

ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை கால் தெரியுமா?

ஆயிரம் இல்லை, 985! உள்ளே சபாபதி சந்நிதிக்கு இடம்விட்டதில் 15 குறைந்துவிட்டது. மீனாட்சி கோயிலுக்குள் 1569இல் அரியநாத முதலியார் கட்டிய மண்டபம் இது.

வெள்ளியம்பலத்துக்குப் போய் நடராஜரின் காலைப் பாருங்கள். எல்லா ஊரிலும் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலது காலைத் தூக்கியிருக்கிறார்! பரதம் கற்ற ராஜசேகர பாண்டியனுக்குக் கால் வலித்ததாம். “எனக்கே இப்படி வலிக்கிறதே, எப்போதும் ஒரே காலில் ஆடுகிற உனக்கு எப்படி வலிக்கும்? காலை மாற்று” என்று மன்றாடினானாம். மாற்றிக்கொண்டார் என்கிறது திருவிளையாடல் கதை. சாமிக்குக் கால் வலிக்குமே என்று கவலைப்பட்ட ராஜா!

முக்குறுணி விநாயகரைப் பார்க்காமல் வராதீர்கள். ஒரு குறுணி என்றால் ஆறு படி. விநாயகர் சதுர்த்தி அன்று முக்குறுணி அரிசியில், அதாவது 18 படி அரிசியில், ஒரே ஒரு கொழுக்கட்டை!

வந்தியைத் தெரியுமா? பிட்டு விற்ற கிழவி. வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. கிழவிக்கு ஆளில்லை. சிவனே கூலியாளாக வந்தார். கூலி? உதிர்ந்த பிட்டு! தின்றுவிட்டுத் தூங்கியவரைப் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்ததாம். ஆவணியில் புட்டுத்தோப்பில் இந்தக் கதை திருவிழாவாகவே நடக்கிறது. பிள்ளையில்லாத கிழவிக்குப் பிள்ளையாகப் போன சாமி இது.

முடியாத கோபுரத்தில் என்ன விற்கிறார்கள் தெரியுமா?

புதுமண்டபத்துக்குக் கிழக்கே, பாத்திரக் கடைகளுக்கு நடுவில், பிரம்மாண்டமான கல் நிலைகள் திடீரென்று எழுந்து நிற்கும். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒன்றுமே இருக்காது. அதுதான் ராயகோபுரம்! திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்றுபோனது. அடித்தளமே இப்படியென்றால், முடிந்திருந்தால்?

புதுமண்டபம் பெயரில்தான் புதுசு, வயது நானூறைத் தொடப்போகிறது. வசந்த விழாவுக்கென்று அதே திருமலை நாயக்கர் கட்டியது. தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிய காலம் மிக அண்மைவரை இருந்தது. இப்போது கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சித்திரை வந்தால் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்புகளைத் தைத்துத் தள்ளுவார்கள் அந்தத் தையல்காரர்கள். அவர்களில் பலர் இஸ்லாமியர்கள்!

திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலுக்குப் போனால் தூண்களைக் கட்டிப்பிடிக்கப் பார்ப்பீர்கள், கை எட்டாது. ஆனால் நீங்கள் பார்ப்பது கட்டியதில் ஏறக்குறைய கால்வாசிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம்! இடிந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். பிறகு பல காலம் கோர்ட்டு நடந்தது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்துப் பாடல் காட்சி ஒன்றும் இந்தத் தூண்களுக்கு நடுவில் எடுத்ததுதான். மகாலோடு சேர்ந்திருந்த பத்துத் தூண்கள் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் தனியாக நிற்கின்றன. சந்தின் பெயரே பத்துத்தூண் சந்து. சுற்றிலும் ஜவுளிக் கடைகள், தீபாவளிக்கு நுழைந்தால் தூண் தெரியாது, தலைதான் தெரியும்!

குளத்துக்குள் கிரிக்கெட் தெரியுமா?

மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே வண்டியூர் தெப்பக்குளமானது என்பது ஊர் வழக்கு. 1645இல் வெட்டியது. தோண்டும்போது கிடைத்தவர்தான் மேலே சொன்ன முக்குறுணி விநாயகர்! தைப்பூசத்தில் மீனாட்சியும் சொக்கரும் இங்கே தெப்பத்தில் வருவார்கள். பூசம் திருமலை நாயக்கரின் பிறந்த நட்சத்திரம். வைகையிலிருந்து கால்வாய் வழியாக நீர் வர ஏற்பாடு. கால்வாய் தூர்ந்து குளம் வறண்டு கிடந்த ஆண்டுகளில் மைய மண்டபத்தைச் சுற்றி மதுரைப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். உங்கள் மாமா அந்த ஆட்டத்தில் சிக்ஸர் அடித்தவராக இருக்கலாம், விசாரியுங்கள்! இப்போது தண்ணீர் நிற்கிறது, படகு ஓடுகிறது.

மதுரைக்காரர் வீட்டுக்குள் எந்த மொழி தெரியுமா?

மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள். தமிழுக்கு நடுவே புரியாத பேச்சு ஒன்று கேட்கும். அது சௌராஷ்டிர மொழி! குஜராத் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த நெசவாளர்கள். வீட்டுக்குள் தங்கள் பேச்சு, வெளியே அச்சு அசல் மதுரைத் தமிழ். தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று நாம் கொண்டாடும் டி.எம். சௌந்தரராஜன் இந்தச் சமூகத்தில் பிறந்த மதுரைக்காரர்தான்!

சுங்குடிச் சேலையும் இவர்கள் கைவண்ணம். துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெயிலுக்கு இதைவிடச் சுகமான சேலை கிடையாது. ஊருக்குத் திரும்பும்போது அத்தை உங்கள் அம்மாவுக்குக் கொடுத்துவிடும் பையைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

மதுரை மல்லிக்குக் குறியீடு உண்டு, தெரியுமா?

2013இல் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. தடித்த இதழ், நீண்ட காம்பு, காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் தலையில் விரியும். விமானமேறி சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறது. கோடையில் குவியும், மார்கழிப் பனியில் அருகிவிடும். முகூர்த்த நாளும் பனிக்காலமும் சேர்ந்தால் கிலோ ஆயிரங்களில் தாவும். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மாமாவோடு போய்ப் பாருங்கள். வாங்காமல் வந்தாலும் சட்டை நாள் முழுக்க மணக்கும்!

அனுமந்தராயன் கோயில் தெருவில் யார் வீடு தெரியுமா?

முகப்பில் வீணை பொறித்த ஒரு வீடு. எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த வீடு! 1916 செப்டம்பர் 16இல் மதுரையில் பிறந்தவர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். ‘எம்.எஸ்.’ என்பதில் மதுரையும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறார்!

காந்தி சட்டையைக் கழற்றிய வீதி தெரியுமா?

1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதி, 251ஏ எண் வீட்டு மாடி. தலைப்பாகையும் நீண்ட உடுப்புமாக வந்த காந்தி, இடுப்பில் ஒரு துண்டு வேட்டியோடு இறங்கினார். அந்த வீட்டில் இன்று கதர்க்கடை. அந்தக் கோலத்தில் முதலில் மக்கள் முன் நின்ற இடம் காந்தி பொட்டல்.

அதோடு முடியவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் உட்பட எல்லோரையும் உள்ளே விடும்வரை மீனாட்சி கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்று நின்றார் அவர். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதன் பிறகு, 1946இல்தான் காந்தி மீனாட்சி முன்னால் நின்றார்! அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள்.

வெள்ளைக்கார ‘பாண்டியன்’ தெரியுமா?

1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர். ஒரு மழை இரவில் மூன்று வயதுச் சிறுமி வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தாளாம், அடுத்த நொடி வீட்டில் இடி விழுந்ததாம். வந்தவள் மீனாட்சி என்று நம்பிய கலெக்டர், கல் இழைத்த தங்க அங்கவடிகளைச் செய்து காணிக்கையாக்கினார் என்பது ஊர் சொல்லும் கதை. கதையை விடுங்கள், அங்கவடி நிஜம்! மீனாட்சி குதிரை வாகனம் ஏறும்போது இன்றும் அணிகிறாள். மதுரைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பீட்டர் பாண்டியன்’.

2,600 ஆண்டுகளுக்கு முன் விளையாடிய தாயக்கட்டை தெரியுமா?

மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரை வாசல்தான். அங்கே தோண்டியபோது கிடைத்த கரியை ஆய்ந்ததில் கி.மு. 580 வரை காலம் போகிறது! செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓடுகள். பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும்கூட இருக்கின்றன. 2023 மார்ச் 5இல் திறந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம். ராத்திரி அம்மாச்சி தாயம் உருட்டக் கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், பழைய ஆட்டம்!

சட்சட்டென்று சில!

* பொற்றாமரைக் குளத்தின் சுற்று மண்டபச் சுவரில் பளிங்கில் பொறித்த திருக்குறள் இருக்கிறது, தெரியுமா?
* நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901 செப்டம்பர் 14இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தொடங்கினார், தெரியுமா?
* வைகைமேல் நிற்கும் ஏ.வி. பாலம் 1889இல் திறந்தது, தெரியுமா?
* ‘பராசக்தி’யோடு 1952இல் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன, தெரியுமா?
* தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022இல் அறிவித்த அரிட்டாபட்டி, மதுரை மாவட்டத்தில்தான் இருக்கிறது, தெரியுமா?
* சென்னைக்கு அடுத்து மாநகராட்சியான ஊர் மதுரை, 1971இல், தெரியுமா?

மதுரையா, சிதம்பரமா தெரியுமா?

வீட்டில் மனைவி ஆட்சியா, கணவன் ஆட்சியா என்று புதுசாகக் கல்யாணமானவரைப் பார்த்து ஊரே கேட்கிற கேள்வி இது. அதன் மூலம் எங்கே? சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள். மீனாட்சிக்கு ராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை போட்டு, கையில் செங்கோல் கொடுத்து முறைப்படி பட்டாபிஷேகம் செய்கிறார்கள். அன்றிலிருந்து நாலு மாதம் அம்மன் ஆட்சி! ஆவணியில் சுந்தரேசுவரர் முடிசூடி மீதி எட்டு மாதம் ஆள்வார். வீட்டுக்கு வீடு நடப்பதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட ஒரே ராஜ்ஜியம்!

பத்தாம் நாள் கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். அதே ஊரிலிருந்து முருகனும் தெய்வானையோடு வருகிறார். அப்பா அம்மா கல்யாணத்துக்கு மகனும் மருமகளும் வந்து நிற்கிற அதிசயத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்! மீனாட்சி கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். அத்தையும் மாற்றுவார், அம்மாச்சியும் மாற்றுவார், பக்கத்து வீட்டு அக்காவும் மாற்றுவார்.

மீனாட்சிக்கு அண்ணன் முறையான அழகர்? அழகர்கோயிலிலிருந்து கிளம்புவதற்கே நேரமாகிவிடும். கண்டாங்கிப் பட்டுடுத்தி, கொண்டை போட்டு, கையில் வளைதடியோடு கள்ளர் கோலத்தில் வருவார். வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படி, கூப்பிட்ட இடமெல்லாம் நின்று நின்று வந்தால் எப்படிச் சேர முடியும்? தல்லாகுளத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்தனுப்பிய மாலை காத்திருக்கும். சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். என்ன பட்டு உடுத்தியிருக்கிறார் என்று லட்சம் கண்கள் தேடும். பச்சை என்றால் வருஷம் செழிப்பு! அதற்குள் தங்கச்சி கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு, மீனாட்சி ஊருக்குள் வராமலே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது மக்கள் கதை. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வந்தவர் என்பது கோயில் கதை. இரண்டையும் ஒரே மூச்சில் நம்புவதில் மதுரைக்காரருக்கு எந்தச் சிரமமும் இல்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியப்பாவைப் பார்க்காத குடும்பம் உண்டா என்ன?

சரி, கல்யாணத்துக்குப் போனால் என்ன செய்வோம்? சாப்பிடுவோம், மொய் எழுதுவோம். இங்கேயும் அதேதான்! சேதுபதி பள்ளியில் திருக்கல்யாண விருந்து, ஆயிரமாயிரம் பேர் உட்கார்ந்து எழுகிறார்கள். கோயிலில் மொய் வாங்குகிற இடமே தனியாக உண்டு, பக்தர்கள் வரிசையில் நின்று எழுதுகிறார்கள். மதுரைச் சீமையில் மொய் என்பது லேசான விஷயமில்லை, நோட்டுப் போட்டு வைத்துக்கொள்கிற கணக்கு. எழுதிய மொய் என்றாவது ஒரு நாள் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும்! அடுத்த சித்திரையில் அத்தை வீட்டுக்குப் போகும்போது நீங்களும் ஒரு நூறு ரூபாயை எழுதிவிட்டு வாருங்கள். எப்போது, எப்படித் திருப்பிச் செய்வது என்பது மீனாட்சி பாடு!